மேஜைக்குக் கீழே ஒரு நாத்தனார்

அத்தியாயம் ஒன்பது

நாலு மணிக்குத் தேர்வு. காலை ஒன்பதரைக்கு மேஜை மேல் இருந்தது பன்னிரண்டு வயதான ஒரு லேப்டாப். அதன் பொத்தானை அழுத்திவிட்டு அண்ணி போய்ப் பாத்திரம் கழுவினாள், துணி உலர்த்தினாள், திரும்பி வந்து பார்த்தாள். திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

எதிர்வீட்டு டியூஷன் டீச்சர் தன் புது லேப்டாப்பைத் தருகிறேன் என்று சொன்னதை நம்பித்தான் போன வாரம் அவள் தேர்வுக்குப் பெயர் கொடுத்தாள். நேற்று முன்தினம் டீச்சர் கையைப் பிசைந்துகொண்டு வாசலில் வந்து நின்றார். அவருக்கே இன்று நாள் முழுக்க வகுப்பாம். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிகிறவர்கள் உண்டு. நல்லவேளை, இந்த வீட்டில் யாரும் எதையும் எறிவதில்லை. பரணில் இது கிடந்தது.

வேலை இதுதான்: காது கேளாத பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் ஆசிரியர் பேசப் பேச, அதை உடனுக்குடன் தமிழில் தட்டித் திரையில் ஓடவிட வேண்டும். வீட்டில் உட்கார்ந்தபடியே செய்யலாம். வக்கீல் ஆபீஸில் ஏழு வருடம் தட்டச்சு செய்தவள் அண்ணி. கேஸ் விஷயமாக வருகிறவர்கள் கேஸை மறந்து அவள் விரலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஆபீஸை மூடி ஒன்பது வருடம் ஆயிற்று. அந்த ஒன்பது வருடமும் விரல்கள் காய்கறி நறுக்கின. இன்றைக்குத் தவறவிட்டால் அடுத்த தேர்வு ஒரு வருடம் கழித்துத்தான்.

"இருபத்திரண்டு நிமிஷம் அண்ணி." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாள் சின்னவள். "நாலு மணிப் பரீட்சைக்கு இது அஞ்சு மணிக்குத்தான் கண்ணைத் தொறக்கும்."

சின்னவள் என்றால் கணவனின் தங்கை. மருத்துவமனை லேபில் ரத்தம் சோதிக்கிறவள். மூன்று வாரத்துக்கு முன் புகுந்த வீட்டிலிருந்து இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. வந்த மறுநாள் அண்ணி வாய் தவறி, "எத்தனை நாள் லீவு?" என்று கேட்டுவைத்தாள். அது சின்னவளின் காதில், "எப்போது கிளம்புகிறாய்?" என்று போய் இறங்கியது. அன்றிலிருந்து இருவரும் கவுன்டருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நிற்கிறவர்கள் போல மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். அதைவிடச் சண்டை போட்டிருந்தால் தேவலை.

ஆனால் லேப்டாப் சின்னவளுடையது, கல்லூரிக் காலத்தது. அதனால்தானோ என்னவோ, நேற்று மாலை யாரும் கேட்காமலே லேப் தோழி வீட்டுக்குப் போய் மூன்று பென்டிரைவோடு திரும்பி வந்தாள். மூன்றிலும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி ஏ, பி, சி என்று எழுதியிருந்தது.

"இந்த மெஷினுக்கு ரேம் ரெண்டு ஜி.பி.தான்" என்றாள் சின்னவள். "ரேம்னா வேலை செய்யற மேஜை மாதிரி அண்ணி. இதோட மேஜை ஸ்டூல் அளவு. அது மேல அரண்மனைச் சாப்பாடு பரப்பினா எப்படி? இயங்குதளத்தை மாத்தணும். எடை கம்மியா ஒண்ணு போடணும். மூணு எடுத்துட்டு வந்திருக்கேன். மூணும் லினக்ஸ் குடும்பந்தான், அண்ணன் தம்பிங்க."

"எது நல்லது?"

"சொல்ல மாட்டேன். நேத்து வெப்சைட்ல படத்தைப் பார்த்துட்டு ஒண்ணை 'அழகா இருக்கே'ன்னீங்க. பேரைச் சொன்னா அதுக்குத்தான் ஓட்டு போடுவீங்க. லேப்ல சாம்பிளுக்குப் பேரு கிடையாது, நம்பர்தான். ரிசல்ட் எதைச் சொல்லுதோ அதை எடுத்துக்கலாம்."

ஒரு தாளில் கோடு போட்டு வைத்திருந்தாள். திறக்க எத்தனை நொடி, மிச்ச ரேம், கேமரா, ஒலி, தமிழ். மூன்று வாரத்தில் அவள் பேசிய மொத்தப் பேச்சைவிட இது நீளம். அண்ணிக்கு மனசுக்குள் ஏதோ குதித்தது. தேர்வு பயமா, இதுவா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

"பழசை எல்லாம் அழிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம்" என்று ஏ-யைச் செருகினாள் சின்னவள். "அதுல எனக்கு வேண்டியது ஒண்ணுமில்ல."

லேப்டாப் அணைந்தது, எழுந்தது. பென்டிரைவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கறுப்புத் திரையின் நடுவே ஒரு பூட்டுப் படமும் அதன் கீழே காலிக் கட்டமும் வந்தன. வெளியிலிருந்து எதையாவது செருகி எழுப்பினால் மட்டும் கடவுச்சொல் கேட்கிற பூட்டு.

"நான் போடலையே" என்றாள் சின்னவள்.

அண்ணிக்குப் புரிந்துவிட்டது. இந்த வீட்டில் பூட்டு போடுகிற ஆள் ஒருவர்தான்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டில் கை வைக்குமுன் மின்சாரப் பெட்டியை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டு, சிவப்பு அட்டை தொங்கவிட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது அவர்கள் தொழிலின் சட்டம். பூட்டினவன்தான் திறக்க வேண்டும். முதலாளியே வந்து கேட்டாலும் சாவி கிடையாது. அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மிக்ஸியைக் கழற்றினால் பிளக்கில் அட்டை தொங்கும். லேப்டாப்பைப் பரணில் போடும்போது மட்டும் சும்மா விட்டிருப்பாரா?

போன் அடித்தார்கள். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போன் கருவிப்பெட்டிக்குள் இருக்கும், பெட்டி ஏழாவது மாடியில் இருக்கும், அவர் லிஃப்ட் ஓடும் குழிக்குள் இருப்பார்.

"நான் போயிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டினாள் அண்ணி.

பஸ் நின்று நின்று போனது. அவர் வேலை பார்க்கும் ஏழு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஐந்தாறு பேர் லிஃப்ட் மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி என்று சொல்லிக்கொள்ளாமல் அவள் படியேறினாள். நாலாவது மாடியில் மூச்சு வாங்கியது. ஆறாவதில் முழங்கால் பேசியது. ஏழாவதில் லிஃப்ட் கதவு பாதி திறந்திருக்க, பக்கத்துப் பெட்டியில் பூட்டும் சிவப்பு அட்டையும் தொங்கின.

"ஆள் உள்ளே இருக்கிறார். இயக்காதீர்." அதன் கீழ் அவர் கையெழுத்து, இன்றைய தேதி.

"என்னங்க" என்று குழிக்குள் குரல் கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஏணி வழியே தலை முளைத்தது. முகமெல்லாம் கிரீஸ். "என்னாச்சு? யாருக்காவது உடம்பு..."

"யாருக்கும் ஒண்ணுமில்ல. லேப்டாப் பூட்டியிருக்கு."

"எந்த லேப்டாப்?"

"வீட்ல எத்தனை இருக்கு? பரண்ல கிடந்தது. சின்னவளோடது. இன்னிக்கு எனக்குப் பரீட்சை, மறந்துட்டீங்களா? புது இயங்குதளம் போடணும்."

அவர் பழைய துணியால் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். இவ்வளவு சுத்தமாக அவர் கை துடைத்து அவள் பார்த்ததில்லை.

"போட்டா உள்ள இருக்கறது அழிஞ்சிடுமே."

"அழிக்கத்தான் போறோம். சின்னவளே சொல்லிட்டா, வேண்டியது ஒண்ணுமில்லைன்னு."

"அவ அப்படித்தான் சொல்லுவா" என்றார். பிறகு, "அழிக்காம ஓட்ட முடியாதா? டிஸ்க்கைத் தொடாம?"

"ஏங்க, என்ன இருக்கு அதுல?"

"முடியுமா முடியாதா, அதைச் சொல்லு."

"பென்டிரைவ்லேருந்தே ஓட்டிப் பார்க்கலாம்னு நேத்து சொல்லிட்டிருந்தா."

"அப்போ அப்படியே ஓட்டுங்க. உள்ள ஒரு எழுத்து அழியக் கூடாது." சட்டைப் பையிலிருந்து புது சிவப்பு அட்டை ஒன்றை எடுத்துப் பின்பக்கம் எட்டு இலக்க எண்ணை எழுதினார். "நான் முதன்முதலா தனியா ரிப்பேர் பண்ண லிஃப்டோட நம்பர். இதுவரைக்கும் என் சாவியை இன்னொருத்தர் கையில குடுத்ததில்லை. உன்கிட்டதான் குடுக்கறேன்."

அவள் அட்டையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். சந்தேகம் மட்டும் கூடவே படியிறங்கி வந்தது. கல்யாணத்துக்கு முன் தங்கை வைத்திருந்த லேப்டாப்பில் அண்ணன் எதைக் காவல் காக்கிறார்?

"இதெல்லாம் பரீட்சை முடிஞ்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓடி பஸ் ஏறினாள்.

வீட்டுக்கு வரும்போது ஒன்றே கால். எண்ணைத் தட்டியதும் பூட்டுப் படம் மறைந்தது. டிஸ்க்கைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையைக் கேட்டுச் சின்னவள் புருவத்தை உயர்த்தினாள். "அண்ணனுக்கு என் காலேஜ் நோட்ஸ் மேல அவ்வளவு பாசமா? சரி. பென்டிரைவ்லயே ஓட்டலாம். எடை குறைஞ்சதுங்க அதுக்கும் சளைச்சது இல்லை."

ஏ-யிலிருந்து ஆரம்பித்தார்கள். மூன்று நிமிடம் ஆயிற்று. ஆனால் வந்தபோது கண்ணுக்குக் குளிர்ச்சியாக வந்தது. நீலத் திரை, வழுக்கிக்கொண்டு திறக்கும் ஜன்னல்கள், கீழே வரிசையாக வண்ணப் பொத்தான்கள்.

"இதான், இதான்" என்றாள் அண்ணி.

"பேசாதீங்க. மிச்ச ரேம் எவ்வளவுன்னு பாருங்க." சின்னவள் உலாவியைத் திறந்து தேர்வு நிறுவனத்தின் ஒத்திகைப் பக்கத்துக்குப் போனாள். கேமரா வந்தது. ஒலி வந்தது. அண்ணி இரண்டு வரி கேட்டிருப்பாள், அப்படியே உறைந்துபோனது. சுட்டியைத் தேய்த்தாலும் நகரவில்லை.

"அழகு சோறு போடாது" என்று தாளில் ஏ-யின் குறுக்கே கோடு போட்டாள் சின்னவள்.

பி-யைத் தொடாமல், மூன்றிலும் எடை குறைந்த சி-யைச் செருகினாள். இருபத்தெட்டு நொடி. அண்ணி கண்ணைச் சிமிட்டுவதற்குள் திரை தயாராக நின்றது. முழுவதையும் ரேமுக்குள்ளேயே தூக்கி வைத்துக்கொண்டு ஓடுகிற வகையாம். எதைத் தொட்டாலும் உடனே திறந்தது. மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்று இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. சிரித்த பிறகுதான் இருவருக்கும் அது ஞாபகம் வந்து, இருவருமே திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ஒத்திகைப் பக்கம் திறந்தது. தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. ஒரு எழுத்துகூட இல்லை.

"ஃபான்ட் இல்லை" என்றாள் சின்னவள். "எடையைக் குறைக்கிறேன்னு தமிழையே எடுத்துட்டான்."

"தேடிப் போட முடியாதா? இவ்வளவு வேகமா இருக்கே."

"போடலாம். ஒரு மணி நேரமும் ஆகும், ஒண்ணரையும் ஆகும். இப்போ மணி ரெண்டரை. சாம்பிள் நல்லா இருக்கணும்னு நாம ஆசைப்பட்டா ரிசல்ட் மாறுமா அண்ணி?"

அண்ணிக்கு அழுகை வந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. சின்னவள் பதிலுக்குக் காத்திருக்காமல் சி-யை உருவிவிட்டு பி-யைச் செருகினாள்.

ஒன்றரை நிமிடம். அழகும் இல்லை, அவலட்சணமும் இல்லை. சாம்பல் நிறத் திரை, மூலையில் ஒரே ஒரு பட்டியல். மிச்ச ரேம் பாதிக்கு மேல். கேமரா வந்தது. ஒலி வந்தது. தமிழ் முத்து முத்தாக வந்தது. பத்து நிமிடம் ஓடவிட்டார்கள், திணறவில்லை. அண்ணி விரலை வைத்து "வணக்கம்" என்று தட்டினாள். திரையில் வாயில் நுழையாத ஏதோ வந்து விழுந்தது.

"இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தமிழ் வர்ற முறை இது" என்றாள் சின்னவள். "நீங்க எதுல அடிப்பீங்க?"

"பழைய தட்டச்சு மெஷின் முறை. எனக்கு அது மட்டுந்தான் தெரியும். நான் அடிக்கறதில்லை, விரல்தான் அடிக்குது."

மணி மூன்று ஐந்து. சின்னவள் விசைப்பலகைப் பட்டியலைத் திறந்தாள். நீளமான பட்டியல், உலகத்து மொழியெல்லாம் இருந்தன. தமிழுக்குக் கீழே இரண்டு முறைதான் இருந்தது, இரண்டும் அது இல்லை. இன்னொரு சிறிய மென்பொருளை இறக்கினால் கூடுதல் முறைகள் வரும் என்று எங்கோ படித்தாள். இறக்கினாள். மூன்று இருபத்தைந்துக்கு முடிந்தது. மறுபடி பட்டியல். மறுபடி தமிழ். இம்முறை ஐந்து. நாலாவது, தட்டச்சு முறை.

அண்ணி "வணக்கம்" என்று தட்டினாள். வணக்கம் என்றே வந்தது. அடுத்த மூச்சில் வக்கீல் ஆபீஸ் மனுவின் முதல் பத்தி முழுவதையும் தட்டி முடித்தாள். ஒன்பது வருடம் கழித்து, ஒரு பிழை இல்லாமல். பழைய லேப்டாப்பின் விசைகள் நன்றாக ஆழம் போய் மேலே வந்தன. புது லேப்டாப்பாக இருந்தால் இந்தச் சுகம் கிடைத்திருக்காது என்று அவள் விரல்கள் அவளிடம் சொல்லின.

சின்னவள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணி, நீங்க இவ்வளவு வேகமா?"

"இப்போதானே கேக்கறே" என்றாள் அண்ணி. சொன்ன பிறகு கன்னம் சூடாயிற்று.

அப்போதுதான் திரை லேசாக மங்கியது. சார்ஜர் பின் தளர்ந்து வெளியே சாய்ந்திருந்தது. சின்னவள் பாய்ந்து அதைப் பிடித்து அழுத்தினாள், வெளிச்சம் திரும்பியது.

"போயிருந்தா தொலைஞ்சோம்" என்றாள். "பேட்டரி எப்பவோ செத்தாச்சு. இப்போ இறக்கினது எல்லாம் ரேம்லதான் இருக்கு. கரன்ட் ஒரு நொடி விட்டா விசைப்பலகை, மென்பொருள் எல்லாம் காலி. முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

பிளாஸ்திரி ஒட்டிப் பார்த்தார்கள், நழுவியது. தீப்பெட்டி அட்டையை மடித்து வைத்துப் பார்த்தார்கள், நழுவியது. விரலால் கொஞ்சம் மேல்நோக்கி அழுத்தினால் மட்டும் நின்றது. மணி மூன்று ஐம்பத்திரண்டு.

சின்னவள் மேஜைக்குக் கீழே போய் உட்கார்ந்தாள். கை மட்டும் மேலே வந்து பின்னைப் பிடித்தது.

நாலு மணிக்குத் திரையில் கண்ணாடி போட்ட கண்காணிப்பாளர் அம்மா தோன்றினார். "அறையில் வேறு யாராவது இருக்காங்களா?"

பொய் சொல்ல அண்ணிக்கு நாக்கு வரவில்லை. "இருக்காங்க மேடம். மேஜைக்குக் கீழ என் நாத்தனார். சார்ஜர் பின்னைப் பிடிச்சிட்டிருக்காங்க. கையை எடுத்தா மெஷின் அணைஞ்சிடும்."

அந்த அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையை நோக்கிக் குனிந்தார்.

"காட்டுங்க" என்றார் அந்த அம்மா.

அண்ணி லேப்டாப்பை மெல்லச் சாய்த்தாள். பின்னோடு சேர்ந்து கையும் சாய்ந்தது. கேமராவுக்குள் மேஜைக் காலும், மடக்கிய முழங்காலும், சின்னவளின் முகமும் வந்தன. சின்னவள் மறுகையால் வணக்கம் வைத்தாள்.

அந்த அம்மா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். "வயரை மட்டும் பிடிங்க. பேசக் கூடாது, இருமக்கூடக் கூடாது. ஆரம்பிக்கலாம்."

நாற்பது நிமிடம். காதில் ஏதோ ஒரு ஆசிரியர் ஒளிச்சேர்க்கை பற்றிப் பேசினார், நடுவே பிள்ளைகளை அதட்டினார், நகைச்சுவை சொன்னார், திரும்ப இலைக்கே வந்தார். அண்ணி எல்லாவற்றையும் தட்டினாள், அதட்டலையும் சேர்த்து. கேட்பது வேறு தட்டுவது வேறு என்பதே இல்லாமல் போயிற்று. லேப்டாப் சூடேறி மூச்சிரைத்தது, ஆனால் ஒரு எழுத்தைக்கூடத் தவறவிடவில்லை. அவள் தொடையில் சாய்ந்திருந்த தலை அசையவே இல்லை.

முடிந்து, அந்த அம்மா மறைந்த பிறகு சின்னவள் வெளியே வந்தாள். ஒரு கால் மரத்துப்போய் நொண்டினாள். ஆள்காட்டி விரல் நுனியில் பின் பதிந்து வட்டமாகக் குழிந்திருந்தது. அண்ணி அந்த விரலைப் பிடித்துத் தேய்த்துவிட்டாள். மறுகையால் பின்னை இவள் பிடித்துக்கொண்டாள்.

ஐந்தரைக்கு மின்னஞ்சல் வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. திங்கள் காலை பத்து மணிக்கு எட்டாம் வகுப்பு அறிவியல்.

அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷம்தான், ஆனால் ஒன்பது வருடத்துச் சந்தோஷம் ஒரே நேரத்தில் வந்தால் அது அழுகையாகத்தான் வரும்.

"அன்னிக்கு லீவு எத்தனை நாள்னு கேட்டேனே" என்றாள் மூக்கை உறிஞ்சியபடி. "உனக்கு மாடி ரூமை ஒழிச்சுத் தரதா, ஹால்லயே படுக்க வைக்கறதான்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்."

"தெரியும் அண்ணி. தெரிஞ்சுதான் கோவப்பட்டேன். கோவப்பட வேற ஆள் கிடைக்கலை."

பிறகு சின்னவள் திரையின் மூலையில் இருந்த சின்னப் பெட்டிப் படத்தைக் காட்டினாள். "அதான் என் பழைய டிஸ்க். அழிக்காம எட்டிப் பார்க்கலாம். அண்ணன் எதைக் காவல் காக்கிறார்னு பார்ப்போமா?"

அண்ணி சரி என்பதற்குள் திறந்துவிட்டாள். கல்லூரிக் குறிப்புகள், சுற்றுலாப் படங்கள், ரெக்கார்டு நோட்டு. கடைசியில் ஒரு கோப்புறை. அதைத் தான் வைக்கவில்லை என்றாள் சின்னவள். அதன் பெயரை இருவரும் சேர்ந்து படித்தார்கள்.

"ஆள் உள்ளே இருக்கிறார். இயக்காதீர்."

பக்கத்தில் தேதி இருந்தது. ஐந்து வருடத்துக்கு முந்தைய தேதி. சின்னவளின் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு.

சின்னவளின் விரல் அந்தப் பெயர்மேல் போய் நின்றது. அண்ணி அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தாள்.

"பூட்டினவர் வரட்டும்மா."

படியில் கருவிப்பெட்டி இடிபடும் சத்தம் கேட்டது. கணவன் உள்ளே வந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தே ரிசல்ட்டைத் தெரிந்துகொண்டார், கிரீஸ் முகம் முழுக்க மலர்ந்தது. அடுத்து திரையைப் பார்த்தார். கருவிப்பெட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, தங்கைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"குட்டி, அன்னிக்கு அழுதுக்கிட்டே வந்து அழிச்சிடு அண்ணான்னு சொன்னியே" என்றார். "நான் அழிக்கலை. எடுத்து இதுக்குள்ள வெச்சுப் பூட்டினேன்."

அண்ணியின் விரலுக்கடியில் நழுவப் பார்த்த சார்ஜர் பின்னைச் சின்னவள் தன் கைக்கு வாங்கி, குழிந்த விரலாலேயே மறுபடி அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.